இருநூற்றுப் பதினாறு

ரொமேல் கணக்கு முடித்துக்கொண்டு மணிலாவுக்குப் போனபோது
அறையில் விட்டுப்போனவை:
அரிசி குக்கர்,
எனக்கு ஓர் அளவு பெரிதான பாதுகாப்புக் காலணி,
அப்புறம் இந்தப் பழைய ஃப்ளாஷ்.
"எல்லா கேமராவிலும் உட்காரும்" என்றான்.
உட்கார்ந்தது.
தடத்தில் வழுக்கிப் போய் டக்கென்று நின்றது,
வாடகை பாக்கியில்லாத ஆள் மாதிரி.

நான் அலுமினிய ஆலையில் எலக்ட்ரீஷியன்.
உட்கார்ந்துவிட்டதை நம்பினால் எங்கள் பிழைப்பு ஒரு நாள்தான்.
கழற்றிச் சமையல் மேடையில் வைத்தேன்.
பேட்டரி போட்டு, ஆரஞ்சு விளக்கு எரியக் காத்திருந்து,
மல்டிமீட்டரின் ஒரு முனையை அடிக்கால் நடுப்புள்ளியிலும்
மறுமுனையை விளிம்புத் தகட்டிலும் தொட்டேன்.
இருநூற்றுப் பதினாறு வோல்ட்.
மறுபடி தொட்டேன். இருநூற்றுப் பதினாறு.
கேமரா தாங்குவது ஆறு என்கிறது கையேடு.
தவணை முடிய இன்னும் நான்கு மாதம்;
யாரோ ஒருவரின் ஒரே சிரிப்பில் கருகியிருக்கும்.
ரொமேலுக்குத் தெரியாது. அவன் வெல்டர்.
வெளிச்சம் வந்தால் முகத்தை மூடிக்கொள்வான்.

வியாழன் இரவு மனாமா.
பாப் அல் பஹ்ரைனுக்குப் பின்சந்தில்
துணிக்கடைக்கும் பணம் அனுப்பும் கடைக்கும் நடுவே
ஈஸர்தாஸ் மூன்றை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார்.
ஒன்று கேமராவின் சொந்தக் கம்பெனி. நூற்றுப் பத்து தினார்.
தொடாமலே கும்பிட்டேன்.
இரண்டாவது வேற்றுக் கம்பெனி, பழகியது, நல்ல பளபளப்பு.
மாட்டி அடித்தேன், அடித்தது.
திரையில் மட்டும் எந்தச் செய்தியும் இல்லை.
புரட்டிப் பார்த்தால், நடுப்புள்ளி ஒன்றேதான்;
சுற்றியிருந்த குட்டிப் புள்ளிகள் எல்லாம் இடம் மாறி.
பத்துப் பொருத்தத்தில் ராசி மட்டும்.
"அடி என்றால் அடிக்கும், எவ்வளவு என்று கேட்காது" என்றார்.
எங்கள் ஃபோர்மன் ஞாபகம் வந்தது.

மூன்றாவது சீனத்துப் பையன். இருபத்து நாலு.
உறவில்லை, ஆனால் மொழி படித்துவிட்டு வந்தவன்.
மாட்டியதும் திரை மூலையில் மூன்று எழுத்து முளைத்தது.
நான் லென்ஸைத் திருகத் திருக
அவன் தலைக்குள் ஒரு மோட்டார் முனகிக்கொண்டே கூடவே நகர்ந்தது.
ஈஸர்தாஸின் வழுக்கையை மூன்று தடவை எடுத்தேன்.
மூன்றிலும் வழுக்கை தெரிந்தது,
வெள்ளைத் தட்டாகவில்லை.
இருபத்திரண்டுக்கு முடித்தோம்.
கூடவே ஒன்றரை தினாருக்கு ஒரு பொடிச் சாமான் தள்ளினார்:
கட்டைவிரல் பருமன், அதில் ஒரு கண்.
"பழசின் காலில் இதை மாட்டு.
வேறெங்காவது மின்னினால் பார்த்து அதுவும் மின்னும்.
கேமரா பக்கம் போகவே வேண்டாம்."

வெள்ளிக்கிழமை குதைபியா, மூன்றாம் மாடி.
செங்குட்டுவன், லில்லி புஷ்பம் மகளுக்கு முதல் பிறந்தநாள்.
கூரைக்குப் பச்சை அடித்திருந்தார் வீட்டுக்காரர்;
மேல்நோக்கி அடித்தால் பிள்ளை வெண்டைக்காய் நிறம்.
புதுசின் தலையை வெள்ளைச் சுவருக்குத் திருப்பினேன்.
ரொமேலுடையதை ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றினேன், நாலு மீட்டர் தள்ளி.
முதல் படம். பழசு வெடித்ததை அறையே பார்த்தது,
படத்தில் அதைக் காணோம்.
இரண்டாவதும் அப்படியே.

அப்புறம்தான் உறைத்தது.
புதுசு, படத்துக்கு முன்னால் ஒரு பொடி மின்னல் விட்டு
கேமராவிடம் அளவு கேட்கிறது.
நம் கண்ணுக்குச் சிக்காத அந்தக் கிசுகிசுப்பை
உத்தரவு என்று எடுத்துக்கொண்டு
பழசு முந்திக்கொண்டு மொத்தத்தையும் கொட்டிவிடுகிறது.
மெழுகுவர்த்தி பாதி உருகிவிட்டது.
லில்லி புஷ்பம் கத்தியோடு என்னையே பார்க்கிறாள்.

இருபத்திரண்டு தினார் கொடுத்து வாங்கிய பேச்சை
ஒரு பொத்தானில் நிறுத்தினேன்.
மேனுவல். கால் பங்கு. கேள்வி கிடையாது, ஒரே அடி.
ஃப்ரிட்ஜ் மேலிருந்து பதில்
அதே நொடியில் வந்தது.

பிள்ளையின் முடியோரம் ஒரு வெள்ளிக் கோடு.
ரொமேலுக்கு அனுப்பினேன்.
"உட்காரும்னு சொன்னேனே" என்று எழுதி
ஒரு கட்டைவிரலும் போட்டிருந்தான்.
வோல்ட்டைப் பற்றி
நான் ஒன்றும் எழுதவில்லை.